ஏசி எங்களுக்கா, கூரைக்கா?

புத்தளத்திலோ சிலாபத்திலோ ஏசி வாங்கப் போனால் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "ரூம் எத்தனைக்கு எத்தனை?" என்பதுதான். "பத்துக்குப் பன்னிரண்டு" என்று சொன்னால், "ஒம்பதாயிரம் பி.டி.யு. போதும்" என்பார்கள். அல்லது, "பன்னிரண்டாயிரமே எடுங்க, கவலையில்லாம இருக்கலாம்" என்பார்கள். கதை அதோட முடிஞ்சுது. கூரை சீற்றா ஓடா, சீலிங் அடிச்சிருக்கா, ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்குது, எத்தனை பேர் படுக்கிறீங்க, ஏசியைப் பகலில் போடுவீங்களா இரவிலா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு சட்டை தைக்கக் கொடுத்தால்கூட தையல்காரர் தோளையும் கையையும் தனித்தனியாக அளக்கிறார். பல மாதச் சம்பளத்தை விழுங்கும் ஒரு மெஷினை நாங்கள் தரையின் அளவை மட்டும் சொல்லி வாங்கி வருகிறோம்.

அதுக்குப் பிறகு வரும் கதைகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. "ஏசி போட்டும் மத்தியானத்தில் குளிர்றதில்ல." "இரவில் குளிருது, ஆனா போர்வை ஈரமா இருக்குற மாதிரி இருக்கு." "கரண்ட் பில்லைப் பார்த்த அன்றைக்கே ரிமோட்டை எடுத்து அலுமாரியில் வச்சிட்டோம்." குறை மெஷினில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் வாதம் வேறு. இந்தக் கரையோரத்தில் ஏசி பற்றிய பேச்சு கடையில் தொடங்கக் கூடாது, கூரையில் தொடங்க வேண்டும். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பொறியியல் படித்தவர்கள் அதைக் குளிரூட்டல் சுமைக் கணக்கு என்பார்கள். பத்தாம் வகுப்பு விஞ்ஞானமும் ஒரு கல்குலேட்டரும் இருந்தால் ஒரு சின்ன வீட்டுக்கு அதை ஏகதேசமாகப் போட்டுவிடலாம்.

முந்தலின் வெயில்

முந்தல் இருப்பது ஏறக்குறைய வட அகலக்கோடு 8 பாகையில். ஏப்ரல் 10ஐ ஒட்டிய நாட்களில் மத்தியானச் சூரியன் எங்கட தலைக்கு நேர் மேலே நிற்கும். செப்டம்பர் தொடக்கத்தில் திரும்பவும் ஒருமுறை நிற்கும். மற்ற மாதங்களிலும் அது உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. அதாவது இங்கே ஒரு வீட்டில் வெயிலை அதிகம் வாங்குவது சுவர் அல்ல, கூரைதான். குளிர்நாட்டுப் பாடப்புத்தகங்கள் ஜன்னலையும் சுவரையும் முன்னுக்கு வைத்துப் பேசும், அங்கே சூரியன் சாய்ந்து வருவதால். அந்த வரிசையை இங்கே தலைகீழாக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் ஈரம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் முந்தல் களப்பு, நடுவில் ஒல்லாந்தர் கால்வாய், அதுக்குப் பக்கத்தில் உப்பளங்களும் இறால் தொட்டிகளும். மழை குறைந்த வறண்ட பக்கம் என்றாலும் காற்று வறண்டதல்ல. பங்குனி, சித்திரையில் வெப்பமானியில் 32 பாகைதான் காட்டும், உடம்புக்கு அது 38, 39 போலத் தெரியும். வளிமண்டலவியல் திணைக்களம் கடந்த சில வருடங்களாக வடமேல் மாகாணத்துக்கும் சேர்த்து வெப்ப எச்சரிக்கை விடுவது இந்தக் கூட்டுக் கணக்கைப் பார்த்துத்தான். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு அறையைக் கணக்கெடுப்போம்.

ஒரு அறை, ஆறு வரி

பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அறை. சுமார் 11 சதுர மீற்றர். உயரம் 3 மீற்றர். அஸ்பெஸ்டஸ் சீற் கூரை, பழசாகிக் கறுத்துப்போனது, சீலிங் இல்லை. சீமெந்துக் கல் சுவர், அதில் இரண்டு வெளிச்சுவர்கள். மேற்குப் பக்கம் பார்த்த ஒன்றரை சதுர மீற்றர் கண்ணாடி ஜன்னல். சுவருக்கும் சீற்றுக்கும் நடுவில் வழமையான இடைவெளி. முந்தலிலிருந்து உடப்பு, ஆண்டிமுனைப் பக்கம் வரைக்கும் இப்படி எத்தனை அறைகள் இருக்கின்றன என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். நேரம் பின்னேரம் 3 மணி. வெளியே 32 பாகை. உள்ளே 26 பாகை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கின் அடிப்படை எளிது. ஒரு பரப்பு வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரும் என்பதை மூன்று எண்களைப் பெருக்கிப் பெறலாம்: பரப்பளவு, இரண்டு பக்கத்துக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசம், அந்தப் பொருள் வெப்பத்தை எவ்வளவு தாராளமாக விடுகிறது என்ற எண். கூரைக்கு மட்டும் ஒரு திருத்தம். அதுக்கு வெளியே 32 பாகை என்று எடுக்கக் கூடாது. உச்ச வெயிலில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 950 வாற் அளவு விழும். கறுத்த சீற் அதில் ஏறக்குறைய 70 வீதத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வெயிலையும் சேர்த்தால் கூரை 61 பாகையில் நிற்கும் ஒரு ஊரில் இருப்பது மாதிரித்தான். உள்ளே 26 என்றால் வித்தியாசம் 35. சீலிங் இல்லாத சீற்றுக்கு அந்தத் தாராள எண் 5.5 அளவில் வரும்.

5.5 பெருக்கல் 11 பெருக்கல் 35. சுமார் 2100 வாற்.

மற்ற வரிகளையும் இதே மாதிரிப் போட்டால்:

கூரை: 2100 வாற்
சுவர்கள்: 500 வாற்
மேற்கு ஜன்னலால் வரும் வெயில்: 700 வாற்
இடைவெளிகளால் நுழையும் வெளிக்காற்று: 1300 வாற்
இரண்டு பேர்: 230 வாற்
பேன், லைற், சார்ஜர்: 100 வாற்

மொத்தம் 4930 வாற். ஒரு வாற் என்பது மணித்தியாலத்துக்கு 3.4 பி.டி.யு. என்பதால், இது 16,800 பி.டி.யு.வுக்குக் கிட்ட வருகிறது. கடைக்காரர் கொடுத்த ஒம்பதாயிரம் மத்தியானத்தில் ஏன் தோற்றது என்பது இப்ப விளங்கும். மெஷினில் பிழை இல்லை. அந்த அறையில் அதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை இருந்தது.

ஆனா நாங்கள் உங்களைப் பார்க்கச் சொல்வது மொத்தத்தை அல்ல. ஐந்தாவது வரியைத்தான். அந்த அறையில் இருக்கும் இரண்டு மனிதர்களுக்கான பங்கு 230 வாற். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. கூரையின் பங்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேலே. அதாவது ஏசிக்குக் கட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் நாற்பது ரூபாய் சீற்றைக் குளிர்விக்கப் போகிறது. இன்னொரு இருபத்தாறு ரூபாய் முந்தல் களப்பின் காற்றைக் குளிர்விக்கப் போகிறது. எங்களுக்கு ஐந்து ரூபாய்.

அதே அறை, வேறு கூரை

இப்ப மெஷினைத் தொடாமல் அறையைத் தொடுவோம்.

சீற்றுக்கு மேலே வெள்ளை பூசினால் அது உறிஞ்சும் வெயில் 70 வீதத்திலிருந்து 30 வீதத்துக்கு இறங்கும். 61 பாகை ஊரிலிருந்த கூரை 42 பாகை ஊருக்கு வந்துவிடும். கூரையின் சுமை 2100இலிருந்து 970 வாற் ஆகும். வெள்ளை பூசாமல் சீலிங் மட்டும் அடித்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான், 960 வாற். இரண்டையும் செய்தால் 440.

ஜன்னலுக்கு வெளியே நிழல் கொடுத்தால் 700 என்பது 200 ஆகும். வெளியே என்பது முக்கியம். உள்ளே திரைச்சீலை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. துணி சூடாகி அந்தச் சூட்டை அறைக்குத்தான் கொடுக்கும். வெளியே ஒரு கிடுகுத் தட்டி கட்டினால் வெயில் வாசலிலேயே நின்றுவிடும். சுவருக்கு வெளிர் நிறம் பூசினால் 500 என்பது 350 ஆகும். ஏசி ஓடும் நேரத்தில் இடைவெளிகளை மூடினால் 1300 என்பது 330 ஆகும்.

புதுக் கணக்கு: 440, 350, 200, 330, 230, 100. மொத்தம் 1650 வாற். சுமார் 5,600 பி.டி.யு. முன்பு இருந்ததில் மூன்றில் ஒன்று. வெயில் அதே வெயில், ஆட்களும் அதே ஆட்கள். இந்த அறைக்குக் கடையில் இருக்கும் ஆகச் சின்ன மெஷினே மிஞ்சும்.

இதை மின்சாரமாக மாற்றிப் பார்ப்போம். சாதாரண ஏசி ஒரு பங்கு மின்சாரம் எடுத்து மூன்று பங்கு வெப்பத்தை வெளியே தள்ளும். அப்படியானால் முதல் அறைக்கு ஒரு மணித்தியாலத்தில் 1.6 யூனிட், இரண்டாவது அறைக்கு 0.55 யூனிட். இந்த உச்சச் சுமையில் தினமும் ஐந்து மணித்தியாலம் என்று ஒரு மாதத்துக்குப் போட்டால் 246 யூனிட்டும் 82 யூனிட்டும். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. யூனிட் கூடக்கூட யூனிட்டின் விலையும் கூடும். 180 யூனிட்டைத் தாண்டினால் ஆக உச்சப் படியில் நிற்போம். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணத்தை உயர்த்தியபோது அந்தப் படிகளின் அர்த்தம் என்ன என்று எல்லா வீட்டுக்கும் தெரியவந்தது. எனவே 246க்கும் 82க்கும் உள்ள வித்தியாசம் மூன்று மடங்கு காசு அல்ல, அதைவிட அதிகம்.

எத்தனை மணிக்கு?

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: ஏசியை எத்தனை மணிக்குப் போடுறீங்க?

சீற் மெல்லியது. வெயில் ஏறினால் உடனே சுடும், வெயில் இறங்கினால் உடனே ஆறும். இரவு 10 மணிக்கு அதன் சுமை கிட்டத்தட்ட பூச்சியம். எங்கட அதே பழைய அறையை இரவு 10 மணிக்குக் கணக்கெடுத்தால் 1400 வாற் அளவில்தான் வரும். அதில் பாதிக்கு மேலே இடைவெளிகளால் வரும் ஈரக்காற்று. இரவில் மட்டும் ஏசி போடுகிற வீட்டுக்குப் பகல் 3 மணிக் கணக்கில் 18,000 பி.டி.யு. வாங்கிக் கொடுத்தால் என்ன நடக்கும்? மெஷின் சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்தெடுக்க அது தொடர்ந்து ஓட வேண்டும். நின்று நின்று ஓடினால் குளிர் இருக்கும், ஈரமும் இருக்கும். "போர்வை ஈரமா இருக்கு" என்ற முறைப்பாட்டின் வேர் இதுதான். இன்வர்ட்டர் மெஷின் வேகத்தைக் குறைத்து ஓடுவதால் இதை ஓரளவு சமாளிக்கும். முழுவதுமாக அல்ல.

மறுபக்கம், இரவில் கடலுக்குப் போய்விட்டுப் பகலில் உறங்கும் மீனவருக்கு 3 மணிக் கணக்குத்தான் உயிர்க் கணக்கு. உப்பளத்தில் வேலை முடித்து மத்தியானத்தில் சற்றுச் சாய்கிறவருக்கும், பகல் முழுக்க வீட்டிலேயே இருக்கும் வயதானவருக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும் அப்படித்தான். ஒரே அளவு அறையில் இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு விடைகள் வருவது இதனால்தான்.

கொங்கிரீட் தட்டுப் போட்ட வீடுகளின் கதை இன்னொன்று. வெளிநாட்டுக் காசு வந்ததும் முதலில் சீற்றைக் கழற்றித் தட்டுப் போடுவது இந்தப் பக்கத்தில் கௌரவம். "நாளைக்கு மேல்மாடி எடுக்கலாம்" என்ற நியாயமும் உண்டு. ஆனால் தட்டு வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு நாலைந்து மணித்தியாலம் கழித்துத்தான் உள்ளே விடும். மத்தியானத்தில் "ஆஹா, குளிர்மையா இருக்கே" என்று தோன்றும். பின்னேரம் ஐந்து மணிக்கு அது தன் வேலையைத் தொடங்கும். படுக்கப் போகும்போதும் முழுமையாக அடங்கியிருக்காது. மின்கட்டணக் கணக்கில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைதான் நாட்டின் உச்ச நேரம். தட்டு வீடுகள் தங்கள் சூட்டைக் கக்கும் நேரமும் ஏறக்குறைய அதுவே. எங்கட மாவட்டத்தில், நுரைச்சோலையில், 900 மெகாவாற் அனல் மின்நிலையம் நிலக்கரி எரித்து நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கிறது. அதில் ஒரு பங்கை நாங்கள் மத்தியானத்தில் சேமித்த வெயிலைத் துரத்துவதற்கே திரும்ப வாங்குகிறோம்.

தட்டுப் போட்டவர்கள் அழ வேண்டியதில்லை. மேலே வெள்ளைப் பூச்சு, முடிந்தால் தகரத்திலோ கிடுகிலோ காற்றோட்டமான ஒரு நிழல் கூரை. வெயில் தட்டில் விழாவிட்டால் சேமிக்க ஒன்றும் இருக்காது.

காற்று வீடா, ஏசி வீடா?

இடைவெளிகளை மூடச் சொன்னதும் உங்களில் பலருக்கு உறுத்தியிருக்கும். "மூடினா மூச்சு முட்டுமே!" சரியான கேள்வி. எங்கள் வாதத்தின் நடுப்பகுதியும் இதுதான்.

குளிர்மையான வீடு இரண்டு வகை. ஒன்று காற்று வீடு. கச்சானும் சோளகமும் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போக வேண்டும். சுவரில் துளைகள், எதிரெதிர் ஜன்னல்கள், தாழ்வாரம், மரநிழல். காற்று செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் உடம்பில் பட்டால் மூன்று பாகை குறைந்தது போலத் தெரியும். பேனின் வேலையும் இதுதான். மற்றது ஏசி வீடு. இறுக மூடியது. கூரைக்குக் கீழே காப்பு, கண்ணாடிக்கு வெளியே நிழல், கதவுக்கு அடியில் ரப்பர்.

இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். ஒன்று திறக்கச் சொல்லும், மற்றது மூடச் சொல்லும். நாங்கள் கட்டிக்கொண்டிருப்பது இரண்டும் இல்லாத வீடு. காற்று வீட்டுக்குரிய இடைவெளிகள் மேலே இருக்கின்றன, ஆனால் ஜன்னல்கள் ஒரே பக்கம். தாழ்வாரம் கிடையாது, முன்னால் நின்ற தென்னை மதிலுக்காக வெட்டப்பட்டுவிட்டது. காற்று வராது. சரி, ஏசி போடலாம் என்றால் ஓட்டைகள். 32 பாகை, 70 வீத ஈரமுள்ள வெளிக்காற்றில் ஒவ்வொரு கிலோவிலும் 21 கிராம் நீராவி இருக்கிறது. உள்ளே எங்களுக்கு வேண்டியது 12 கிராமுக்குக் கீழே. மிச்சத்தைத் தண்ணீராக்கி வெளியே சொட்டவிட வேண்டும். எங்கட கணக்கில் இடைவெளியால் வந்த 1300 வாற்றில் 1000க்கு மேலே இந்த ஈரத்துக்கான செலவு. வெப்பத்துக்கு 260தான். களப்போரத்தில் ஒரு ஓட்டை என்பது உள்நாட்டு ஊரில் ஒரு ஓட்டையைவிட விலை கூடியது.

எனவே எங்கட யோசனை இது. வீடு முழுக்கக் காற்று வீடாக இருக்கட்டும். ஒரே ஒரு அறையை, வயதானவரோ குழந்தையோ பகலில் உறங்கும் அறையை, ஏசி அறையாகத் திட்டமிடுங்கள். அதன் துளைகளுக்கு மூடித் திறக்கும் பலகை வையுங்கள். கரண்ட் போனால் திறக்கலாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு நடந்த நாடு இது. ஏசியை மட்டும் நம்பிக் கட்டிய அறை அந்த மாதிரி நாளில் அடுப்பாகிவிடும்.

கிடுகுக்குத் திரும்புவோம் என்கிறோமா?

இல்லை. கிடுகு வீடு குளிர்ந்தது உண்மை. அது காப்பும் கொடுத்தது, மூச்சும் விட்டது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ வேய வேண்டும். மழைக்கு ஒழுகும். ஒரு பொறி பட்டால் தெருவே போகும். அந்த வீட்டில் படுத்தவர்கள் சீற்றுக்கு மாறியது முட்டாள்தனத்தால் அல்ல, ஒரு இரவாவது நிம்மதியாகத் தூங்கத்தான். அந்த மாற்றத்தை யாரும் கேலி செய்யத் தேவையில்லை. கேட்க வேண்டிய கேள்வி, சீற்றைக் கொடுத்தவர்கள் அதுக்குக் கீழே சீலிங்கை ஏன் கொடுக்கவில்லை என்பது.

ஜெப்ரி பாவாவின் வீடுகளைப் பற்றி இலங்கையில் எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். அவர் செய்த ஒரு எளிய வேலை பலருக்குத் தெரியாது. நெளிந்த சீமெந்துச் சீற்றைப் போட்டு அதுக்கு மேலே அரைவட்ட ஓடுகளை அடுக்கினார். சீற் மழையைத் தடுத்தது, ஓடு வெயிலைத் தாங்கியது, நடுவில் காற்று நின்றது. அந்தக் கூரை இன்று விடுதிகளிலும் வசதியானவர்களின் வீடுகளிலும் அழகாகப் பார்க்கப்படுகிறது. வெயிலில் வேலை செய்கிறவரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அதில் பாதி மட்டும், வெறும் சீற். நிழல் ஒரு ஆடம்பரப் பொருளாகிவிட்டது. எங்களுக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அஸ்பெஸ்டஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. வெள்ளை பூசச் சொன்னோம் என்பதற்காகக் காய்ந்த சீற்றைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டாதீங்க, துளைக்காதீங்க, வெட்டாதீங்க. நனைத்து, மெதுவாகத் துடைத்து, அதுக்குரிய பூச்சைப் பூசத் தெரிந்தவரைக் கொண்டு செய்யுங்க. சீற்றில் மிதிக்காமல் பலகை போட்டு ஏறச் சொல்லுங்க. புதிதாகக் கட்டுகிறவர்கள் வேறு கூரையைத் தேடுவதே நல்லது.

யார் என்ன செய்யலாம்?

"ஏசி வேண்டாம், மரம் நடுங்க" என்று வசதியுள்ள ஊர்களிலிருந்து வரும் புத்திமதியில் எங்களுக்கு உடன்பாடில்லை. வெயிலில் உழைக்கும் உடம்புக்கு இரவில் ஆறுதல் வேண்டும். ஏசி பாவம் அல்ல. ஆனால் அதை வாங்க முடியாதவர்கள்தான் இங்கே அதிகம். நாங்கள் சொன்ன கணக்கு அவர்களுக்கும் உரியதுதான். வெள்ளைக் கூரையும் சீலிங்கும் ஏசி இல்லாத அறையிலும் வேலை செய்யும். ஏசி இல்லாத வீட்டில் அந்த 2100 வாற் எங்கேயும் போவதில்லை, படுத்திருப்பவரின் உடம்பில்தான் இறங்குகிறது.

அகமதாபாத் நகரம் 2010இன் வெப்ப அலைக்குப் பிறகு 2013இல் வெப்பச் செயற்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பிறகு ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதையும் அதில் சேர்த்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றையே வெளியிட்டது. இந்தியாவின் வீடுகளுக்கான 2018 ஆற்றல் விதித்தொகுப்பு கூரையின் தாராள எண் 1.2ஐத் தாண்டக் கூடாது என்கிறது. எங்கட சீற்றின் எண் 5.5 என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். இலங்கையிலும் ஆற்றல் சிக்கனக் கட்டட விதிகள் உண்டு. அவை பெரிய கட்டடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. முந்தலில் கட்டும் மூன்று அறை வீட்டை அவை எட்டிப் பார்ப்பதில்லை.

பெரிய சட்டம் வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டுப் பிளான் பிரதேச சபைக்குத்தான் போகிறது. அந்த விண்ணப்பத்தோடு ஒரே ஒரு பக்கம் சேர்க்கலாம்: கூரை என்ன பொருள், என்ன நிறம், சீலிங் உண்டா, எதிரெதிர் ஜன்னல் உண்டா, மேற்குச் சுவருக்கு நிழல் உண்டா. நிராகரிக்க வேண்டாம், கேட்டாலே போதும். கேட்கப்படும் கேள்விக்கு மேசன் பாஸும் பதில் யோசிப்பார். அரசு வீட்டுத் திட்டங்களின் மதிப்பீட்டில் சீலிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பதை நிறுத்த வேண்டும். பாடசாலைகளில் வெப்பக் கடத்தலைப் படிப்பிக்கும்போது இரும்புக் கம்பியையும் மெழுகையும் தாண்டி, பிள்ளைகளின் சொந்தக் கூரையை ஒருமுறை கணக்கெடுக்கச் சொல்லலாம்.

"வெள்ளைப் பூச்சு இரண்டு வருசத்தில கறுத்துடும்" என்பார்கள். உண்மைதான், தூசியும் பாசியும் அதன் பலனைக் குறைக்கும். கழுவ வேண்டும், சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். ஆனால் ஏசியையும் சர்வீஸ் பண்ணாமல் வைத்திருக்க முடியாது. உப்புக் காற்றில் வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் எவ்வளவு சீக்கிரம் அரிக்கப்படுகின்றன என்று கடலோரத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள். "வாடகை வீடு, கூரையில் கை வைக்க ஏலாது" என்பவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டுவது மட்டும்தான் உடனே கைவசம். 500 வாற் குறைப்பு அதிலேயே இருக்கிறது.

இளம் வாசகர்களிடம் எங்கட வேண்டுகோள் சின்னது. உங்களில் பலர் உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறீர்கள், சிலர் தொழில்நுட்பக் கல்லூரிகளில் இருக்கிறீர்கள். உங்கட வீட்டில் யாராவது ஏசி பற்றிப் பேசத் தொடங்கினால், கடைக்குப் போகும் முன்னால் ஒரு அளவு நாடாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போங்கள். மேலே சொன்ன ஆறு வரிகளையும் எழுதுங்கள். பிறகு அதே வரிகளைச் சீலிங்கோடும் வெள்ளைக் கூரையோடும் இன்னொரு முறை எழுதுங்கள். இரண்டு மொத்தங்களையும் அம்மாவிடமோ வாப்பாவிடமோ காட்டி, முதலில் எதுக்குக் காசு போடலாம் என்று கேளுங்கள். சித்திரை வெயிலுக்கு முன்னால் கேட்டால் நல்லது. அந்த மாதம் வந்துவிட்டால் யாருக்கும் கணக்குப் போடப் பொறுமை இருக்காது.